சீருடையும் பேராண்மையும்



நீங்கள் படிக்கும் வரலாற்று நூல்களில் போர்கள் இருக்கின்றன, உடன்படிக்கைகள் இருக்கின்றன, கோட்டைகளும் படைத்தலைவர்களின் பெயர்களும் இருக்கின்றன. போர் நடவாத நாட்களில் படைவீரன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது மட்டும் அவற்றில் இராது. களத்தில் அவன் நின்றது ஒரு நாள் என்றால், பகைவனையே காணாமல் பாளையத்தில் பொழுது போக்கியது முந்நூறு நாள். அந்த முந்நூறு நாளில் அவனைப் பற்றிய நோய்கள் பீரங்கிக் குண்டுகளைக் காட்டிலும் மிகுதியாகப் படைகளை மெலிவித்தன. வாந்திபேதியும் மலேரியாவும் அவற்றுள் அடங்கும். அவற்றைப் பற்றிப் பேச யாரும் கூசுவதில்லை. மேகநோய் என்று நம் பாட்டிமார் குரலைத் தாழ்த்திச் சொன்ன நோயைப் பற்றித்தான் கூசுகிறோம். அந்த நோயின் கதையும், பின்னாளில் அதே வழியில் வந்த எச்.ஐ.வி. என்னும் நச்சுயிரியின் கதையும் சீருடை அணிந்த ஆடவரோடு பின்னிக் கிடக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் என்னும் உரிமையில் அதனை ஒளிவு மறைவின்றிச் சொல்லப் போகிறேன். உங்கள் வயதினருக்குத் தெரியாமல் வைத்திருந்ததனால் யாருக்கும் நன்மை விளைந்ததாக நான் கண்டதில்லை.

எங்கள் விருதுநகர் மாவட்டத்தைக் கந்தக பூமி என்பார்கள். மழை பொய்த்தால் கரிசல் நிலம் கைவிட்டுவிடும். ஆகவே சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் வளர்ந்தன. அந்த மருந்து வேலை வேண்டாம் என்று எண்ணிய இளைஞர்களுக்குக் காக்கிச் சட்டை ஒரு பெருங்கனவு. பட்டாளம், காவல்துறை, தீயணைப்புத்துறை, துணைராணுவம் என்று எத்தனையோ வீடுகளில் ஒரு பிள்ளையாவது சீருடையில் இருக்கின்றான். இராஜபாளையத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவற்படையின் பதினோராம் அணி இருக்கிறது. சிவகாசிச் சரக்கை ஏற்றிக்கொண்டு வடநாடு செல்லும் லாரி ஓட்டுநர் அணிவதும் காக்கிதான். வீட்டையும் மனைவி மக்களையும் பல நாள் பிரிந்திருப்பதில் அவருக்கும் பட்டாளத்தாருக்கும் வேறுபாடு மிகுதியில்லை. ஆதலின் இக்கதையை எங்கோ தூரதேசத்தில் நடந்தது என்று தள்ளிவிட வேண்டாம்.

1495-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லஸின் படை இத்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் நகரைக் கைப்பற்றியது. பல நாடுகளிலிருந்து கூலிக்குத் திரட்டிய படை அது. அங்கே கிரந்திநோய் பெருவாரியாகப் பரவிற்று. படை கலைந்து வீரர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியபோது நோயும் அவர்களுடன் ஐரோப்பா எங்கும் நடந்து சென்றது. இத்தாலியர் அதனைப் 'பிரெஞ்சு நோய்' என்றனர். பிரெஞ்சுக்காரர் அதனையே 'நேப்பிள்ஸ் நோய்' என்றனர். நாமும் இளைத்தவர்கள் அல்லர். போர்ச்சுகீசியர் வந்த பின்னர் நம் நாட்டில் அது பரவியதால் 'பறங்கிப்புண்' என்று பெயரிட்டோம். அதற்கு மருந்தாகக் கொடுத்த கிழங்கு 'பறங்கிப்பட்டை' ஆயிற்று. நாட்டு மருந்துக் கடையில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. ஒவ்வொரு நாட்டாரும் அடுத்த நாட்டாரின் பெயரை நோய்க்குச் சூட்டியதைப் பாருங்கள். பழியை வேறொருவர் தலையில் ஏற்றும் இப்பழக்கம் இக்கதை முழுவதும் நம்முடன் வரும்.

இனி நம் மாகாணத்துக்கு வருவோம். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் ஆங்கிலத் துரைத்தனத்தார் இந்தியாவில் வெள்ளைச் சோல்ஜர்களின் தொகையை உயர்த்தினர். அறுபதாயிரம் பேர் அளவில் இருந்த அப்படையில் மிகச் சிலருக்கே மணம் செய்துகொண்டு மனைவியுடன் வாழ அனுமதி கிடைத்தது. மற்றவர்கள் இருபது வயதுக்காரர்கள்; கடல் கடந்து வந்தவர்கள்; கையில் சம்பளமும், பகலெல்லாம் ஓய்வும், பக்கத்தில் சாராயக் கடையும் உடையவர்கள். சென்னை மாகாணத்தில் பரங்கிமலை, திருச்சிராப்பள்ளி, நீலகிரியிலுள்ள வெல்லிங்டன் முதலிய பாளையங்களில் அவர்களை வைத்திருந்தனர். மருத்துவமனைப் படுக்கைகளில் பெரும்பகுதியை மேகநோயாளிகளே நிரப்பினர். ஒரு பட்டாளத்தில் பலர் படுக்கையில் கிடந்தால் தளபதிக்கு அது தோல்விக்குச் சமம்.

இதற்குத் துரைத்தனத்தார் கண்ட வழி யாது? 1864-ஆம் ஆண்டின் கண்டோன்மெண்ட் சட்டமும், 1868-ஆம் ஆண்டின் பதினான்காம் சட்டமான தொற்றுநோய்ச் சட்டமும் வந்தன. பாளையத்தின் பட்டாள பஜாரில் இருந்த விலைமகளிர் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். குறித்த நாட்களில் மருத்துவச் சோதனைக்கு வர வேண்டும். நோய் கண்டால் அடைத்து வைக்கப்பட வேண்டும். அடைத்து வைத்த இடத்துக்கு 'லாக் ஆஸ்பத்திரி' என்று பெயர். லண்டனில் முன்பிருந்த ஒரு தொழுநோயாளர் மனையின் பெயரிலிருந்து அது வந்தது. பூட்டு என்னும் பொருளில் இட்ட பெயர் அன்று. ஆயினும் கதவைப் பூட்டித்தான் வைத்தார்கள். சோதனைக்கு வராத பெண்ணுக்குத் தண்டனை உண்டு.

அங்கே கொடுத்த மருந்தைப் பற்றியும் ஒரு சொல். கிரந்திநோய்க்கு அன்று இருந்தது பாதரசம். அதனால் பல் ஆடும், வாய் புண்ணாகும், நோய் வேரறாது. ஜெர்மானிய அறிஞர் பால் ஏர்லிக்கின் சால்வர்சான் வந்தது 1910-இல். பெனிசிலினால் நோய் முற்றும் தீரும் என்று தெரிந்தது 1943-இல். ஆகவே 1870-களில் 'குணமாயிற்று' என்று சீட்டுக் கொடுத்து வெளியே அனுப்பிய பெண்களுள் பலர் உண்மையில் குணமடையாதவர்களே. சட்டம் மருத்துவத்தை முந்திக்கொண்டு ஓடிற்று.

இந்த இடத்தில்தான் நான் மாணவர்களைச் சற்று நிறுத்தி ஒரு கேள்வி கேட்பது வழக்கம். நோய் இருவருக்கும் உரியது; சோதனை ஏன் ஒருத்திக்கு மட்டும்? சோல்ஜர்களின் உடலைச் சோதிக்கும் வழக்கம் முன்பு இருந்தது. அஃது ஆடவரின் தன்மதிப்பைக் குலைக்கிறது என்று அதிகாரிகள் முறையிட்டதனால் 1859-இல் ஆங்கிலப் படையில் அதனைக் கைவிட்டனர். ஐந்தே ஆண்டுகள் கழித்து அதே சோதனையைப் பெண்களுக்குக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தனர். ஆடவனுக்குத் தன்மதிப்பு உண்டு, பரங்கிமலைப் பஜாரில் பசிக்காக நின்ற பெண்ணுக்கு இல்லை என்று எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதவில்லை; எழுதாமலே எல்லாருக்கும் விளங்கிற்று.

1886-ஆம் ஆண்டில் ராபர்ட்ஸ் பிரபு இந்தியாவின் சேனாபதி. காந்தகாருக்கு அவர் படை நடத்திச் சென்றதைப் பழைய பாடநூல்கள் வியந்து கூறும். அவர் தலைமையில் இருந்த படை அலுவலகத்திலிருந்து அவ்வாண்டில் ஒரு சுற்றறிக்கை சென்றது. பட்டாள பஜார்களில் போதிய தொகையில் பெண்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், அவர்கள் கவர்ச்சியுள்ளவர்களாகவும் இருக்க வேண்டும், அவர்களுக்குத் தக்க வீடுகள் அமைத்துத் தர வேண்டும் என்பது அதன் கருத்து. குதிரைக்குக் கொள்ளும் புல்லும் ஏற்பாடு செய்வது போன்ற நடை! 1888-இல் இது வெளியே தெரிந்தபோது இங்கிலாந்தில் பெருங்கொந்தளிப்பு உண்டாயிற்று. ஜோசபின் பட்லர் என்னும் அம்மையார் இத்தகைய சட்டங்களை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடி, 1886-இல் தம் நாட்டில் அவற்றை நீக்கச் செய்திருந்தார். இந்தியச் சட்டமும் 1888-இல் நீக்கப்பட்டது. நீக்கிய பின்னரும் பாளையங்களில் பழைய வழக்கம் சந்தடியின்றி நடந்து வந்ததை எலிசபெத் ஆண்ட்ரூ, கேதரின் புஷ்னெல் என்னும் இரண்டு அமெரிக்கப் பெண்மணிகள் நேரில் வந்து கண்டறிந்தனர். 1893-இல் விசாரணைக் குழுவின் முன் அவர்கள் சொன்னதைப் படை அதிகாரிகள் முதலில் மறுத்துப் பின்னர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

சட்டத்தை ஆதரித்தவர்களிடம் ஒரு வலிய வாதம் இருந்தது. அதனை மறைப்பது வரலாறு ஆகாது. 1895-இல் வெள்ளைப் படையில் மேகநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர் கணக்கு ஆயிரத்துக்கு ஐந்நூறைத் தாண்டிற்று. (ஒருவரே இருமுறை சேர்ந்தால் இரண்டாகக் கணக்கிடுவர், ஆகவே பாதிப் பேர் நோயாளிகள் என்று கொள்ளலாகாது.) 'சட்டத்தை எடுத்தீர்கள், பாருங்கள் பலனை!' என்று அவர்கள் கூவினர். 1897-இல் கட்டுப்பாடுகள் சில வேறு பெயரில் திரும்பி வந்தன. ஆனால் சட்டம் முழு வலிமையுடன் இருந்த ஆண்டுகளிலேயே கணக்கு ஏறிக்கொண்டுதான் வந்தது. மற்றொன்றையும் நோக்குங்கள். அதே பாளையத்தில், அதே பஜாருக்குப் பக்கத்தில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடையே இந்நோய் பல மடங்கு குறைவு. சிப்பாய்கள் நோயை மறைத்து நாட்டு வைத்தியரிடம் போய்விடுவார்கள் என்று சிலர் கூறினர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் வேறுபாடு அவ்வளவால் மட்டும் விளக்கக் கூடியதன்று. சிப்பாய்களில் பலர் மணமானவர். விடுப்பில் ஊர் சென்று வந்தவர். தம் சாதிசனத்தின் கண் முன்னே வாழ்ந்தவர். ஆண் என்றால் இப்படித்தான், பட்டாளம் என்றால் இப்படித்தான் என்பது இயற்கையின் விதியானால், அந்த விதி பரங்கிமலையின் ஒரு தெருவில் ஒரு விதமாகவும் அடுத்த தெருவில் வேறு விதமாகவும் இருந்திராது.

இதனைச் சேனாபதிகளுள் ஓரளவேனும் உணர்ந்தவர் கிச்சனர். இந்தியச் சேனாபதியாக இருந்தபோது 1905-இல் அவர் சோல்ஜர்களுக்கே நேராக ஓர் அறிக்கை விடுத்தார். உன் தாயையும் தமக்கையையும் எண்ணிப் பார், உன்னை நீயே அடக்கு என்பது அதன் சாரம். 1914 ஆகஸ்டில் பிரான்சுக்குச் சென்ற ஒவ்வொரு வீரனின் சம்பளப் புத்தகத்திலும் வைத்துக் கொடுத்த அவருடைய சிறு தாளிலும், மதுவினின்றும் மாதரினின்றும் விலகி நிற்கும்படியும், எல்லாப் பெண்களிடமும் மரியாதையாக நடந்துகொள்ளும்படியும் சொல்லியிருந்தார். இந்தியாவில் வெள்ளைப் படையின் நோய்க் கணக்கு 1900-த்துக்குப் பின் விரைந்து இறங்கிச் சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கு நூறுக்கும் கீழே வந்துவிட்டது. கிச்சனரின் புத்திமதி ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. விளையாட்டு மைதானங்கள், படிப்பகங்கள், குடி குறைந்தமை, மருத்துவம் தேர்ந்தமை எல்லாம் சேர்ந்தே பயன் தந்தன. ஆனால் இவை எல்லாம் வீரனின் வாழ்க்கையை மாற்றிய முயற்சிகள் என்பதைக் கவனியுங்கள்.

நிற்க. நம் வள்ளுவர் 'பேராண்மை' என்னும் சொல்லை இரண்டு இடங்களில் ஆள்கிறார். ஒன்று படைச்செருக்கு என்னும் அதிகாரம். அங்கே பகைவன் முன் அஞ்சாத மறம் பேராண்மை எனப்படுகிறது. அப்பகைவன் தாழ்வுற்றபோது அவனுக்கு உதவுவதே அதன் கூர்மை என்றும் அடுத்தாற்போல் கூறுகிறார். மற்றோர் இடம் பிறனில் விழையாமை. அங்கே பிறன் மனைவியை நோக்காமையையே அச்சொல்லால் குறிக்கின்றார். போர்க்களத்துச் சொல்லை ஒருவன் தன் ஆசையோடு நடத்தும் போருக்கும் எடுத்துக்கொண்டது தற்செயல் என்று நான் எண்ணவில்லை. ராபர்ட்ஸின் அலுவலகத்தில் இருந்தவர்களுக்குக் குறள் தெரியாது, ஜி.யு. போப் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டது என்னவோ அதே 1886-இல்தான்.

அந்த 1886-க்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1986-இல் சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியில் சேர்ந்த புதிது. எய்ட்ஸ் என்பது அமெரிக்காவின் நோய், நம் நாட்டுக்கு வராது என்று நாளேடுகள் எழுதிக்கொண்டிருந்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன் அதனைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, அரசின் பெண்கள் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளரிடமிருந்து எண்பதுக்கு மேற்பட்ட இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வைத்துப் பாதுகாக்க வசதியின்றித் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தென்பட்டது. இந்தியாவில் அதுவே முதற் கண்டுபிடிப்பு. சுகாதார அமைச்சராக இருந்த டாக்டர் எச்.வி. ஹண்டே அதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அறிவியல் என்ற அளவில் அது பெருஞ்செயல். சுனிதி சாலமன் பிற்பாடு தம் வாழ்நாள் முழுவதையும் இந்நோயாளர்க்கே கொடுத்தார், 2015-இல் மறைந்தார். ஆனால் அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? தண்டனைக் காலம் முடிந்த பின்னும் அவர்களை வெளியே விடவில்லை. வெளியே விட்டால் நோய் பரவும் என்றனர். 1990-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பின்னரே அவர்கள் விடுதலை பெற்றனர். அந்தப் பெண்களிடம் சென்ற ஆடவர்கள் தத்தம் வீட்டில் இருந்தார்கள். அவர்களை யாரும் தேடிச் சோதிக்கவில்லை. லாக் ஆஸ்பத்திரிச் சட்டம் ஒழிந்து நூறாண்டு ஆகியும் அதன் நிழல் ஒழியவில்லை.

சீருடைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு உலக அரங்கில் பேசப்பட்டது அதற்குச் சற்றுப் பின்னர். 1992, 1993-ஆம் ஆண்டுகளில் கம்போடியாவில் ஐக்கிய நாடுகளின் அமைதிப் படை இருந்தது. அப்படையினர் அந்நாட்டுப் பெண்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றி முறையீடு எழுந்தபோது, தலைமை வகித்த யசூஷி அகாஷி, இளைஞர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்னும் பொருள்பட விடை சொன்னார். 1886-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வேறு மொழியில் மறுபிறவி எடுத்தது போல எனக்குத் தோன்றுகிறது. 1998-இல் ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டது: அமைதிக் காலத்திலேயே படையினரிடையே பால்வினை நோய்கள் பொதுமக்களிடையே உள்ளதைப் போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு காணப்படும், போர்க் காலத்தில் அது இன்னும் பன்மடங்காகலாம். 2000-ஆம் ஆண்டு ஜூலையில் பாதுகாப்பு மன்றம் தன் 1308-ஆம் தீர்மானத்தில் அமைதிப் படையினருக்கு இது குறித்துப் பயிற்சி அளிக்க வலியுறுத்திற்று. அமைதிப் படைக்கு மிகுதியாக வீரர்களை அனுப்பும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

மடங்கு கணக்கின் காரணத்தை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. என்னிடம் படித்து, பின்னர்த் துணைராணுவத்தில் சேர்ந்த ஒருவன் முதல் விடுப்பில் வந்து என்னைப் பார்த்தான். பேச்சுவாக்கில், "ஐயா, துப்பாக்கிப் பயிற்சிகூடக் கஷ்டமாயில்லை. சனிக்கிழமை சாயங்காலந்தான் கஷ்டம்" என்றான். ஏன் என்றேன். "கூட்டமாகக் கிளம்புவார்கள். வரமாட்டேன் என்றால், 'நீ ஆம்பளைதானா?' என்று மறுநாள் முழுதும் கேட்பார்கள்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஒன்றும் உபதேசிக்கவில்லை. 'அந்தக் கேள்வியைக் கேட்பவன் தனியாக இருக்கும்போதும் கேட்கிறானா?' என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்து, இல்லை என்றான். தனியாக அஞ்சுகிறவர்கள் கூட்டமாக ஆண்மை பேசுகிறார்கள். உயிரைக் கொடுக்கத் துணிந்தவனுக்குக் கிருமி ஒரு பொருட்டா என்னும் வீறாப்பும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. ஆணுறையைக் கையாள்வதும், மருத்துவரிடம் போவதும் கோழைத்தனமாகத் தோன்றுகின்றன. எச்.ஐ.வி.க்கு இதைவிடத் தக்க விளைநிலம் வேண்டுவதில்லை. தொற்றிய பின் பல ஆண்டுகள் வெளிக்குறி ஒன்றுமின்றி இருக்கும் நச்சுயிரி அது. அதற்குள் அவன் விடுப்பில் ஊர் வந்து போயிருப்பான். ஒன்றும் அறியாத மனைவிக்கும் தொற்றியிருக்கும்.

பழக்கத்தை மாற்ற இயலுமா என்று ஐயுறுவோர்க்குத் தாய்லாந்துச் செய்தியைச் சொல்ல வேண்டும். அந்நாட்டில் இருபத்தொரு வயது இளைஞர்களைச் சீட்டுக் குலுக்கிப் படையில் சேர்ப்பார்கள். 1989 முதல் புதிதாகச் சேருவோரின் இரத்தத்தைச் சோதித்து வந்தனர். வடபகுதியிலிருந்து 1993-இல் சேர்ந்தவர்களுள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது. எண்ணிப் பாருங்கள், வகுப்பில் எட்டில் ஒருவன்! 1991-இல் அரசு ஒரு விதியை நாடெங்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விலைமகளிர் இல்லம் எதுவானாலும் ஆணுறையின்றி ஒருவரையும் ஏற்கலாகாது. மீறினால் தண்டனை இல்லத்து உரிமையாளருக்கு. பெண்ணைப் பிடித்து அடைக்கும் பழைய வழியை அவர்கள் பின்பற்றவில்லை. படைமுகாம்களிலும் வெளிப்படையாகப் போதித்தனர். வடபகுதி வீரர்களுள் அத்தகைய இல்லங்களுக்குச் சென்றதாகச் சொன்னவர் 1991-இல் நூற்றுக்கு 81 பேர். 1995-இல் 64 பேர். சென்றவர்களுள் கடைசியாகச் சென்றபோது ஆணுறை அணிந்ததாகச் சொன்னவர் 61-லிருந்து 92-க்கு மேல் உயர்ந்தனர். 1995-இல் சேர்ந்தவர்களிடையே நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து நூற்றுக்கு ஏழுக்கும் கீழ் இறங்கிற்று. இத்தனையும் நான்கே ஆண்டில்! இளைஞர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று அகாஷி கம்போடியாவில் சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில், பக்கத்து நாட்டில் இளைஞர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாடும் பின்தங்கி நிற்கவில்லை. 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. இந்தியாவில் அத்தகைய சங்கம் முதலில் கண்டது நம் மாநிலமே. 1995 முதல் லாரி நிறுத்தங்களில் ஓட்டுநர்களிடையே வேலை நடந்தது. 2000-க்குப் பிறகு ஊருக்கு ஊர் ஒரு விளம்பரப் பலகை முளைத்தது: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? யார் இந்தப் புள்ளிராஜா என்று என் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கேட்டார்கள். சில ஆசிரியர்கள் முகஞ் சுளித்தார்கள். நான் அதனை வேறு விதமாகப் பார்த்தேன். நூற்று முப்பது ஆண்டுக் கதையில் கேள்வி முதன்முறையாக நாற்சந்தியில் ஆடவனின் பெயர் சொல்லிக் கேட்கப்பட்டது! 2004 ஏப்ரலில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதலிய இடங்களில் கூட்டு மருந்து விலையின்றிக் கிடைக்கத் தொடங்கிற்று. இன்று அம்மருந்தை நாள்தோறும் தவறாமல் உட்கொள்பவர் நெடுநாள் வாழ்கின்றனர்; இரத்தத்தில் நச்சுயிரி காணப்படாத அளவுக்குக் குறைந்தால் உடலுறவின் வழியே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. 1986-இல் இதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

சட்டமும் மாறிவிட்டது. எச்.ஐ.வி. உடையவரை வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேறுபடுத்துவதைத் தடை செய்யும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மத்திய ரிசர்வ் காவற்படையில் எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காகப் பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஒருவருக்கு அதனைத் தர வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கை முடித்தது. விமானப்படை வீரர் ஒருவருக்கு 2002-இல் எல்லைப்புறப் படை மருத்துவமனையில் இரத்தம் ஏற்றியிருந்தனர். பன்னிரண்டு ஆண்டு கழித்து எச்.ஐ.வி. கண்டது. ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கொடுக்கும்படி நீதிமன்றம் படைக்கு ஆணையிட்டது. சீருடைக்காரருக்கு இந்நோய் வந்தால் ஒழுக்கக்கேட்டால்தான் வந்தது என்று முடிவு கட்டும் அவசரக்காரர்கள் இவ்வழக்கைப் படிக்க வேண்டும்.

இரத்தம் என்றதும் எங்கள் மாவட்டத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. கலந்த இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நாடெங்கும் பரவிற்று. அதிகாரிகள் மீது நடவடிக்கை, நீதிமன்ற வழக்கு, இரத்த வங்கிகளில் மறுசோதனை என்று பலவும் நடந்தன. அச்செய்தி வெளிவந்த விதத்தைப் பலர் மறந்துவிட்டனர். அந்த இரத்தத்தைக் கொடுத்தவர் ஓர் இளைஞர். சீருடை எதுவும் அணிந்தவர் அல்லர். உறவினர் ஒருவருக்கு உதவுவதற்காகச் சிவகாசியில் இரத்தம் கொடுத்தவர். முன்பே ஒரு முறை அவர் கொடுத்த இரத்தத்தில் நச்சுயிரி கண்டிருந்தும் அவருக்கு அது சொல்லப்படவில்லை என்று செய்தி வந்தது. பின்னர் வெளிநாட்டு வேலைக்கென்று செய்துகொண்ட சோதனையில் தம் நிலை அவருக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன் அதனை மறைத்துவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், தாம் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தாமாகவே மருத்துவமனைக்குத் தெரிவித்தார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. ஊர் பேசிய பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கும். அந்த டிசம்பர் மாதம் முடிவதற்குள் அவர் உயிரோடு இல்லை.